கவலை கலையாகுமா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மனத்தை விட்டு அகலாத கவலையை எழுத்தாகவோ ஓவியமாகவோ மாற்றிக்கொள்ள முடியும் என்று சென்ற இதழில் ஒரு வாசகிக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகள் போதாது என்பதை அதன்பின் வந்த கடிதங்கள் எனக்கு உணர்த்தின. ஆகவே இம்மாதப் பக்கங்களை இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியோரின் பெயர்களும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 33 வயது. எழுத்தராகப் பணிபுரிகிறேன். முதல் குழந்தை பிறந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. இரவில் காஸ் அடுப்பை அணைத்தேனா என்று ஐந்தாறு முறை எழுந்து போய்ப் பார்க்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டும்போது கை நழுவிவிடுமோ, நானே நழுவவிட்டுவிடுவேனோ என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றியதற்காகவே நான் கெட்ட தாய் என்று அழுகிறேன். கல்லூரியில் படித்தபோது கவிதை எழுதுவேன். "மனசுல இருக்கறதையெல்லாம் எழுதித் தீர்த்துடு" என்று கணவர் ஒரு நோட்டு வாங்கித் தந்திருக்கிறார். இப்படிப்பட்டதை எழுதினால் பலித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. "வாயில நல்ல வார்த்தையே வரணும்" என்று சொல்லி வளர்த்தவர் என் பாட்டி. நான் எழுதலாமா, கூடாதா? – வாசகி, கும்பகோணம்

அன்புச் சகோதரிக்கு,

எழுதலாமா என்ற கேள்விக்கு வருமுன், நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கெட்ட தாய் அல்லர். கனடாவில் முதல் குழந்தையைப் பெற்ற 91 தாய்மார்களிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைக்கு ஏதேனும் விபத்து நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் அவர்கள் அனைவருக்கும் வந்திருந்தது. தாமே தீங்கு செய்துவிடுவோமோ என்ற வேண்டாத எண்ணமும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வந்திருந்தது. இது வாய்விட்டுச் சொல்ல முடியாத எண்ணம் என்பதால், ஒவ்வொரு தாயும் தனக்கு மட்டுமே வந்ததாக நினைத்துத் தனியே அழுகிறாள். அந்த எண்ணம் உங்களை நடுங்க வைக்கிறது என்பதே அது உங்கள் விருப்பம் அன்று என்பதற்கு அடையாளம். காதில் குரல் கேட்பதும், தீங்கு செய்வதே சரி என்று தோன்றத் தொடங்குவதும் முற்றிலும் வேறு நிலை. அப்போது ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான குறி எதுவும் இல்லை.

இந்த ஆறுதலை நான் ஒருமுறைதான் சொல்வேன். திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி பெற்றுக்கொள்வதும், திரும்பத் திரும்ப அடுப்பைப் போய்ப் பார்ப்பதும் ஒரே கிளையில் பூத்தவை. நீங்கள் எழுதியிருப்பது, பிள்ளைப்பேற்றுக்குப் பின் தலைகாட்டக்கூடிய ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். அதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைப் பார்க்க முடியும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற மருந்துகள் இருக்கின்றன.

இனி, கணவர் வாங்கித் தந்த அந்த நோட்டைப் பற்றிப் பேசுவோம்.

எழுதினால் பலித்துவிடும் என்ற பயம் தமிழர்களுக்குப் புதிதன்று. சொல்லுக்குக் கொல்லும் ஆற்றல் உண்டு என்று நம்பி, அதற்கு 'அறம் பாடுதல்' என்று பெயரும் வைத்த மரபு நம்முடையது. நந்திக் கலம்பகத்தைக் கேட்டு முடித்தால் உயிர் போகும் என்று அறிந்தும், தமிழின் மேல் கொண்ட காதலால் மூன்றாம் நந்திவர்மன் கடைசிப் பாடல்வரை கேட்டு எரிந்து மாண்டான் என்பது நாம் பள்ளியில் கேட்ட கதை. அது சொல்லின் பெருமையைச் சொல்ல வந்த கதையே அன்றி, சொல்லின் இயல்பைச் சொல்ல வந்த செய்தி அன்று. எண்ணியதே செய்ததற்குச் சமம், எண்ணினாலே நடந்துவிடும் என்று மனம் குழம்புவதை உளவியலாளர் ஸ்டான்லி ராக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-களில் விரிவாக ஆராய்ந்தார்கள். எண்ணச் சுழற்சி நோயில் இந்தக் குழப்பம் அடிக்கடி காணப்படுவது. உங்கள் பாட்டி அந்த வார்த்தையைச் சொன்னது பேத்தியின் மேல் இருந்த அக்கறையால். நோய் அந்த அக்கறையையே பிடித்துக்கொண்டு உங்களை மிரட்டுகிறது.

எழுதாமல் அடக்கிவைப்பதால் எண்ணம் அடங்கிவிடுவதும் இல்லை. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொல்ல, அதன்பின் மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோதெல்லாம் குரங்கே வந்து நின்ற கதை நமக்குத் தெரியும். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் ஏறத்தாழ இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் அதை நினைக்கக் கூடாது என்றும், நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும் என்றும் மாணவர்களிடம் சொன்னார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது பின்னர் நடந்தது. இப்போது கரடியை நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கி வைத்திருந்தவர்கள், தொடக்கம் முதலே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் அதிகமாக நினைத்தார்கள்.

ஆகவே எழுதுங்கள். ஆனால் "மனத்தில் இருப்பதையெல்லாம் எழுதித் தீர்த்துவிடு" என்ற உங்கள் கணவரின் யோசனை, அன்பானதாக இருந்தாலும், பாதி மட்டுமே சரி. கவலையை அது பேசும் மொழியிலேயே எழுதினால் நோட்டு நிறையும், மனம் குறையாது. கவலையின் மொழியைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். 'ஏதாவது ஆகிவிட்டால்?', 'என்ன ஆகுமோ?', 'எல்லாம் போய்விடும்' என்பவைதான் அதன் சொற்கள். அவற்றில் இடம் இல்லை, பொழுது இல்லை, நிறம் இல்லை, தொட்டுப் பார்க்க ஒரு பொருள் இல்லை. கவலை என்பது பெரும்பாலும் காட்சியாக வருவதில்லை, மனத்துக்குள் ஓயாமல் ஓடும் பேச்சாகவே வருகிறது என்று தாமஸ் போர்க்கோவெக் என்ற உளவியலாளர் தம் ஆய்வுகளில் காட்டினார். மங்கலாக இருப்பதை எங்கே முடிப்பது?

கலைக்கு அந்த மங்கல் ஆகாது. நம் இலக்கண மரபு இதை மிக அழகாக வகுத்திருக்கிறது. உள்ளத்து உணர்வு உரிப்பொருள். அது தனியே நிற்பதில்லை. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளின் மீதும், பறவை, மரம், பறை என விரியும் கருப்பொருளின் மீதும் அது ஏறி நிற்கிறது. குறுந்தொகையின் 6-ஆம் பாடலில் பதுமனார் படைத்த தலைவி, உறக்கமற்ற தன் இரவை நான்கே அடிகளில் சொல்லி முடிக்கிறாள். நள்ளென்று ஒலிக்கும் நடுயாமம், பேச்சு அடங்கி உறங்கும் மக்கள், துஞ்சும் உலகம், துஞ்சாத அவள் ஒருத்தி. எனக்கு என்ன ஆகுமோ என்று அவள் எங்கும் கேட்கவில்லை. கேட்காததால்தான், எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பின் கும்பகோணத்தில் விழித்திருக்கும் உங்களுக்கும் அந்த இரவு உங்களுடையதாகவே இருக்கிறது.

எனவே 'அடுப்பை அணைத்தேனா' என்று எழுதாதீர்கள். அப்படி எழுதுவது ஏழாவது முறை எழுந்து போய்ப் பார்ப்பதற்குச் சமம். அந்தச் சமையலறையை எழுதுங்கள். இருட்டில் நடக்கும்போது பாதத்தில் ஏறும் தரையின் குளிர்ச்சி, அடுப்பின் குமிழில் விரலோடு ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கு, காலையில் அரைப்பதற்காக ஊறும் அரிசியின் வாசம், கவிழ்த்து வைத்த பாத்திரத்தில் விழும் தெருவிளக்கின் வெளிச்சம் ஆகியவற்றை எழுதுங்கள். உங்கள் பாட்டி விறகடுப்பில் சமைத்தவராக இருந்தால், படுக்கப் போகுமுன் அந்தக் கங்குகளை என்ன செய்தார் என்பதை நினைவுகூர்ந்து எழுதுங்கள். 'நான்' என்று வரும் இடத்தில் 'அவள்' என்று போட்டுப் பாருங்கள். அந்த ஒரு சொல் மாறியதும், உங்களை விரட்டிக்கொண்டிருந்த பயத்தை நீங்கள் எதிரில் உட்கார வைத்துப் பார்க்கத் தொடங்குவீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஓர் இரவு ஊசி மருந்தின் அளவைத் தவறாகக் குறித்துவிட்டேனோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. விடுதியிலிருந்து வார்டுக்கு நான்கு முறை நடந்து போய்க் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். நான்கு முறையும் அளவு சரியாகவே இருந்தது. ஐந்தாம் முறை போனபோது, இரவுப் பணியில் இருந்த மூத்த செவிலியர் கேஸ் ஷீட்டை எடுத்துத் தரவில்லை. நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க டாக்டர், அந்த அம்மாவைப் பத்திச் சொல்லுங்க" என்றார். அந்த நோயாளிக்குக் கொடுத்த மருந்தின் அளவு எனக்கு மனப்பாடமாக இருந்தது. அவருடைய ஊர்கூடத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். நார்த்தை மரத்தைப் பற்றியும், பேசாமல் போன மகனைப் பற்றியும் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து அந்த இரவைச் சிறுகதையாக எழுதியபோது மருந்தின் அளவு அதில் இடம்பெறவே இல்லை, நார்த்தை மரம் இடம்பெற்றது.

எழுதுவதற்கு ஓர் எல்லை இருக்க வேண்டும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை வருத்திய நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து நான்கு நாட்கள் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களின் மனம் இன்னும் கனத்தது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் உங்களுக்கும் அப்படி நேரலாம். ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நிகழ்ந்ததையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் நோய் என்று மருத்துவரை நாடியது குறைந்தது. பின்னாளில் இத்தகைய எழுத்துகளைச் சொல் சொல்லாக ஆராய்ந்தபோது, 'ஏனெனில்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடிவந்தவர்களுக்கே பயன் மிகுதி என்று தெரிந்தது. அதாவது புலம்பல் மெல்ல மெல்லக் கதையாக மாறிய இடத்தில்தான் நன்மை விளைந்தது. 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு மதிப்பீடு, பயன் உண்டு, ஆனால் அது சிறியது என்றே சொல்கிறது. நான் இதை மருந்துக்கு மாற்றாகச் சொல்லவில்லை என்பதற்கு அதுவே காரணம்.

பகல் நேரத்தில், குழந்தை உறங்கும்போது, 15 நிமிடம் எழுதுங்கள். படுக்கப் போகுமுன் வேண்டாம். எழுதியதைச் சரிபார்க்கும் நோக்கத்தில் திரும்பப் படிக்காதீர்கள். குளியலறைப் பயத்தை இப்போது தொடாதீர்கள், அடுப்பிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பெரிய பயத்தை எழுத்தில் கொண்டுவந்து, அதன் கூர் மழுங்கும்வரை படிக்கச் செய்யும் சிகிச்சை முறையும் உண்டு. ஆனால் அதை மருத்துவரின் துணையோடுதான் செய்ய வேண்டும்.

எனக்கு 24 வயது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். தேர்வுப் பயம் போக, நாள்தோறும் ஸ்ரீராமஜெயம் 108 முறை எழுதும்படி அம்மா சொன்னார். இப்போது அது 1008 ஆகிவிட்டது. ஓர் எழுத்து கோணினாலும், எழுதும்போது தவறான எண்ணம் வந்தாலும், பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். படிக்க நேரமில்லை. "பக்திதானே, நல்லதுதானே" என்கிறார்கள். எழுத்து மனத்தை அமைதிப்படுத்தும் என்கிறீர்கள். எனக்கு ஏன் அமைதி வரவில்லை? – வாசகர், பாளையங்கோட்டை

தம்பி, உங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. உங்களைச் சுற்றி இருப்பவர்கள் அனைவரும் பாராட்டும் ஒரு செயலுக்குள் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

திரும்பத் திரும்பச் செய்வது தானாக நோயாகிவிடாது. வீணை கற்பவர் சரளி வரிசையை ஆயிரம் முறை வாசிக்கிறார். உங்கள் அம்மாவைப் போன்ற பலர் நாமம் எழுதி நோட்டை மூடி வைத்துவிட்டு, நிறைவோடு வேறு வேலைக்குப் போகிறார்கள். வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை, கை நிற்கும் இடத்தில் இருக்கிறது. சாதகம் செய்பவரின் கை, ஸ்வரம் சரியாக விழுந்ததும் அடுத்த வரிசைக்கு நகர்கிறது. எண்ணச் சுழற்சி நோயில், சரியாக விழுந்ததா என்ற ஐயத்துக்கு முடிவே கிடையாது. எழுதி முடித்ததும் பயம் சற்றே தணிகிறது. அந்தத் தணிவு, 'எழுதியதால்தான் தப்பித்தோம்' என்று மனத்துக்குப் பாடம் சொல்லிவிடுகிறது. அடுத்த நாள் பயம் கூடுதலாகக் கேட்கிறது, 108 என்பது 1008 ஆகிறது. அமைதி வராததற்குக் காரணம் உங்கள் பக்தியில் உள்ள குறை அன்று.

இதை விட்டுவிட்டு ஓவியம் வரையுங்கள் என்று யாரேனும் சொன்னால், இப்போதைக்கு ஏற்காதீர்கள். கலையின் மீது எனக்கு மிகுந்த நம்பிக்கை இருந்தும் இதைச் சொல்கிறேன். நோய்க்குச் சிகிச்சை இல்லாமல் கையில் தூரிகையைக் கொடுத்தால், எழுத்தின் கோணல் போய்க் கோட்டின் கோணல் வந்து நிற்கும். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், பயத்தைத் தூண்டும் சூழலில் நோயாளிகளை இருக்கச் செய்து, அதைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல் தடுத்து, பயம் தானாகவே வடிவதை அவர்கள் உணரும்படி செய்தார். இன்றுவரை இந்த நோய்க்குரிய முதன்மையான பயிற்சி அதன் வழிவந்ததே. உங்கள் விஷயத்தில், கோணிய எழுத்தைக் கோணியபடியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் அந்தப் பயிற்சியாக அமையும். அதைத் தனியாகச் செய்யாதீர்கள். மருத்துவரும் பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரும் படிப்படியாக அழைத்துச் செல்வார்கள். மருந்து தேவைப்பட்டால், இந்த நோயில் அதன் முழுப் பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம், இடையில் சலித்து நிறுத்திவிட வேண்டாம்.

இந்தப் பக்கத்தை உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். அம்மா, உங்கள் மகன் கடவுளை விட்டு விலகவில்லை. அவர் நோட்டை மூடும் நாளில் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள்.

நான் ஓவியன். வயது 41. பதற்றம்தான் என்னை வரையவைக்கிறது. தூக்கமின்மைக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் மருந்து சாப்பிடும்படி மருத்துவர் சொல்கிறார். மருந்து சாப்பிட்டால் பதற்றத்தோடு படைப்பும் போய்விடாதா? பெரிய கலைஞர்கள் எல்லோரும் இப்படித் தவித்தவர்கள்தானே? – வாசகர், சென்னை

தவித்தார்கள் என்பது உண்மை. அவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எட்வர்ட் முங்கின் 'அலறல்' ஓவியத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐந்து வயதில் தாயையும், பதின்ம வயதில் அக்காவையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1893-இல் அந்த ஓவியத்தை வரைந்தார். 1908-இல் மனமும் உடலும் நொடிந்து, கோபன்ஹேகனில் டேனியல் யாகோப்சன் என்ற மருத்துவரின் மருத்துவமனையில் சேர்ந்து, ஏறத்தாழ எட்டு மாதங்கள் தங்கினார். அங்கேயும் வரைந்தார். திரும்பி வந்து ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் விழா மண்டபத்துக்கு அவர் வரைந்த பெரும் ஓவியங்கள் 1916-இல் அங்கே இடம்பெற்றன. அவற்றின் நடுவே இருப்பது கடலின் மேல் எழும் சூரியன். அலறலை வரைந்த அதே கைதான் அதையும் வரைந்தது. முதற்காலப் படைப்புகளே உயர்ந்தவை என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. எனக்கோ அந்தச் சூரியனைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. அதன்பின்னும் அவர் 1944-இல் தம் 80-ஆம் வயதில் மறையும்வரை வரைந்துகொண்டே இருந்தார்.

ஜப்பானின் யயோயி குசாமா உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவர். 1929-இல் மத்சுமோத்தோ நகரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே புள்ளிகளும் பூ வடிவங்களும் கண்முன் பெருகி, அறையையும் தம்மையும் மூடிவிடுவதாகக் காட்சிகள் தோன்றின. பயந்த சிறுமி, பார்த்ததை வரைந்து வைத்தார். 1957-இல் அமெரிக்காவுக்குச் சென்றபின், வலைக்கண்ணி போன்ற சின்னஞ்சிறு வளைவுகளை முடிவின்றி நிரப்பிய பெரும் திரைச்சீலைகளால் புகழ்பெற்றார். 1973-இல் ஜப்பான் திரும்பினார். 1977-இல் தாமாகவே முன்வந்து தோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தங்கத் தொடங்கி, அங்கிருந்து அருகிலுள்ள தம் ஓவியக்கூடத்துக்குச் சென்று வரைந்து வந்தார். உலகம் அவரைக் கொண்டாடிய கண்காட்சிகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் வந்தவை. மருத்துவமனை அவருடைய கலைக்குக் காவலாகவே இருந்தது.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபையும் சொல்லாமல் விட முடியவில்லை. 13 வயதில் தாயை இழந்த அவர், ஏறத்தாழ 44 வயது வரை தாயின் குரல் தம்மை விட்டு அகலவே இல்லை என்றும், 1927-இல் வெளிவந்த தம் நாவலில் தாயை ஒரு பாத்திரமாக எழுதி முடித்தபின் அந்தப் பிடி விலகியது என்றும் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கவலைக்கு உருவம் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் படித்ததில்லை. ஆனால் அவரை மீண்டும் மீண்டும் தாக்கிய மனநோயை எழுத்தால் தடுக்க முடியவில்லை. 1941-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்து பயன்படும் என்ற செய்தி ஆஸ்திரேலியாவிலிருந்து 1949-இல்தான் வெளிவந்தது. அவர் நாளில் இல்லாதது உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பதற்றம் உங்களுக்குக் கருப்பொருளைத் தரலாம். ஆனால் வரைவதற்குத் தேவை உறங்கி எழுந்த கண்ணும் நடுங்காத கையும் நாலு மணி நேரம் ஓரிடத்தில் நிற்கும் பொறுமையும். சில மருந்துகள் சிலருக்கு உணர்ச்சியை மழுங்கச் செய்வதுண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். அப்படித் தோன்றினால் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். மருந்து தொடங்கும் நாளிலிருந்து ஒரு சிறு கோட்டோவிய நோட்டில் நாளுக்கு ஒரு படம் வரைந்து தேதியிட்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். படைப்பு போயிற்றா இல்லையா என்பதை அதைப் பார்த்து இருவரும் பேசலாம்.

டொக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 61. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவர்களிடமிருந்து அழைப்பு வரப் பிந்தினால் நெஞ்சு பதறும். எந்த நேரமும் ஒரே யோசனைதான். எனக்கு எழுதவும் வராது, வரையவும் தெரியாது. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? – வாசகி, யாழ்ப்பாணம்

அம்மா, கலை என்றதும் எழுத்தையும் ஓவியத்தையும் மட்டுமே நான் சொல்லிவந்தது என் பிழை.

பனையோலைப் பன்னவேலை உங்கள் வீட்டில் யாருக்கேனும் தெரிந்திருக்கும். உங்கள் கைக்கே தெரிந்திருந்தாலும் வியப்பில்லை. ஓலையை வார்ந்து, பதமாக நனைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒரு நீத்துப்பெட்டியோ கடகமோ பின்னும்போது, ஓலை விரலோடு பேசுகிறது. கண்ணி தவறினால் அங்கேயே தெரிகிறது, திருத்தினால் அங்கேயே சரியாகிறது. தொலைதூரத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றிய யோசனைக்கு இப்படி உடனே கைக்கு அகப்படும் விடை கிடையாது. பெட்டிக்கு வாய் உண்டு. அதைக் கட்டி முடித்ததும் வேலை முடிந்துவிடுகிறது. புள்ளிக் கோலமும் அப்படிப்பட்டதே. நெளிக் கோலத்தின் இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்ற விதி, அலையும் மனத்துக்கு ஒரு திசையைக் காட்டுகிறது. வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும், மாலைக்குள் அழிந்தும்விடும். மறுநாள் வாசல் வெறுமையாக உங்களுக்காகக் காத்திருக்கும்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். முன்பு சொன்ன போர்க்கோவெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். கவலைப்படாதே என்று சொல்லாமல், கவலைக்கென்று நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே பொழுதில், அரைமணி நேரத்தை ஒதுக்கிவைத்து, மற்ற நேரங்களில் வரும் யோசனைகளை அந்தப் பொழுதுக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். உங்களுக்கு அது மாலை ஐந்து மணியாக இருக்கட்டும். பின்னல் அந்த அரைமணி முடிந்ததும் தொடங்கட்டும். முதல் பெட்டியை இரு பிள்ளைகளில் யாருக்கு அனுப்புவது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த யோசனை நல்லது. பதற்றம் உறக்கத்தையும் உணவையும் கெடுக்கிறது என்றால் இலங்கையில் 1926 என்ற எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவியைப் பெறலாம்.

கவலையை எழுதிக் கவிதையாக்கியிருக்கிறேன். அதை முகநூலில் வெளியிடலாமா? – கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

முதலில் ஒரு மாதம் பெட்டியில் வையுங்கள். மாதம் கழித்து எடுத்துப் படிக்கும்போது ஒரு சொல்லை மாற்றலாம் என்று தோன்றினால், ஒரு வரி தேவையில்லை என்று தெரிந்தால், அது உங்கள் கையிலிருந்து பிரிந்து கவிதையாகிவிட்டது. தாராளமாக வெளியிடுங்கள். படிக்கும்போது அன்றைய பதற்றமே திரும்ப வந்து நெஞ்சை அடைத்தால், அது இன்னும் ஆறாத புண். அதை ஊர் பார்க்க வைக்காமல், நம்பிக்கையான ஒரு தோழியிடம் மட்டும் படித்துக் காட்டுங்கள். வெளியிட்டபின் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தால், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அடுத்த கவிதையைத் தொடங்குங்கள்.